அந்தப் படத்தில் இருப்பது உன் அப்பாவின் கால்

கண்ணு,

நீ அமெரிக்காவுக்குப் போவது உறுதியாகிவிட்டது என்று உன் அப்பா தெருக்கோடி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு, ஒற்றைக் காலில், வேகாத வெயிலில். டீக்கடை, மளிகைக் கடை, ரேஷன் வரிசை என்று ஒரு இடம் பாக்கி வைக்கவில்லை. "எம்பட பையன் அமெரிக்கா போறானுங்க. அங்க ஒரு பெரிய எடத்துல கேமராவ வெச்சு வைத்திய ஆராய்ச்சி பண்ணப் போறானுங்க" என்று எல்லோரிடமும் ஒரே பேச்சு. கேட்டவர்கள் வீட்டுக்கு வந்து என்னையும் வாழ்த்தினார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஊருக்குப் போகிற பிள்ளைக்கு நல்ல வார்த்தையாக நாலு எழுதி அனுப்புவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். தேடிப் பார்த்துவிட்டேன், என்னிடம் ஒன்றும் இல்லை. இருப்பதைத்தானே எழுத முடியும்? நேரில் சொல்லலாம் என்றால் நீ வந்த நிமிடத்திலிருந்து கிளம்புகிற வரைக்கும் அவர் உன் பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார். இது அவர் காதில் விழக்கூடாத பேச்சு. அதனால் அவர் தூங்கும் மத்தியான வேளையில், கணியூர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த படிப்பை வைத்துக்கொண்டு, இதை எழுதுகிறேன்.

அந்தக் கேமரா முதலில் நம் வீட்டுக்குப் பேச்சாகத்தான் வந்தது. கோயம்புத்தூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை வந்து, சமையல்கட்டில் தட்டைப் போட்டு உட்கார்ந்தாய். நான் தோசை ஊற்ற ஊற்ற நீ சொல்லிக்கொண்டே போனாய். "சாதாக் கேமரா இல்லம்மா. ஃபிலிமே கெடையாது. உள்ளார ஒரு சில்லு இருக்குது, அதுதான் வெளிச்சத்தை அளக்கும். முன்னால கலர் கலராக் கண்ணாடி வெச்ச சக்கரம் ஒண்ணு சுத்தும். ஒவ்வொரு கண்ணாடி வழியாவும் ஒவ்வொரு படம். நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைக்கூட அது புடிச்சிரும். எல்லாப் படத்தையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணா வெச்சுப் பாத்தா, தோலுக்கு அடியில ரத்தம் எங்க நல்லா ஓடுது, எங்க ஓடலைன்னு தெரிஞ்சு போயிரும். சக்கரை இருக்கறவங்களுக்குக் கால்ல புண்ணு வரப்போகுதுன்னா வர்றதுக்கு முன்னாலயே காட்டிக் குடுத்துரும்." அப்போது நான் உன்னைச் சீண்டினேன். "அப்ப வயித்துக்குள்ள பசி இருக்கறதும் தெரியுமாடா?" என்றேன். "அதுக்கு நீ போதும்மா" என்று தட்டை நீட்டினாய். உன் அப்பா சாப்பிடுவதையே மறந்து உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அது பொய்யில்லை.

சக்கரைக்காரர்களின் கால் ஆஸ்பத்திரியில் கிடைத்துவிடும், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத நல்ல கால்கள் வேண்டும் என்றாய். உடனே அவர்தான் முந்திக்கொண்டார். "ஏஞ்சாமி, எங்க பட்டறையில ஆளா இல்ல? நாளெல்லாம் சாயத்தண்ணியில நிக்கற காலு. அதவிட உறுதியான காலு எங்க கெடைக்கும்? நாங் கூட்டியாறேன்." சாயப்பட்டறையில் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை விட்டுவிட்டு வாருங்கள் என்று அவர் கூப்பிட்டதும் ஒருத்தர்கூட ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அவர் பையன் கூப்பிடுகிறான், அது போதும் அவர்களுக்கு.

பட்டறைக்குள் ஆவி அடிக்கும், கேமரா கெட்டுவிடும் என்று உங்கள் பேராசிரியர் சொன்னதால் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்தீர்கள். துளி வெளிச்சம் உள்ளே வரக்கூடாதாம். நான் செக்கிங் வேலை செய்த பனியன் கம்பெனியில் முதலாளியிடம் கெஞ்சி, கறுப்புத் துணி ரோல் ஒன்றை வாங்கி வந்து ஜன்னலெல்லாம் கட்டிவிட்டேன். அந்த வாரம் பட்டறையில் நேவி புளூ ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் கணுக்கால் வரைக்கும் நீலம். பாவம், அவர்கள் சோப்புப் போட்டுத் தேய்த்துத்தான் வந்திருந்தார்கள். சோப்புக்கெல்லாம் போகிற சாயமா அது? உங்கள் பேராசிரியர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கூட வந்த பையன்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், கொஞ்சம் தாமதமாக. வரிசையில் நின்றவர்கள் குனிந்து தங்கள் காலைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். நீ முன்னால் வந்து, "சாயம் இருந்தா கேமராவுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம சாயமில்லாம, சுத்தமா வாங்க" என்றாய். வீடு திரும்பும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "நம்மளால பையனுக்குத் தலைகுனிவாப் போச்சு புள்ள."

சாயமில்லாமல் வாருங்கள் என்று உங்கள் பேராசிரியர் சொல்லியிருந்தால் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு என்ன தெரியும்? நீ சாயக்காரன் பெற்ற பிள்ளை. காது குத்தோ கல்யாணமோ நோம்பியோ வந்தால் சாயக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாதா? நிறம் தப்பிப்போன துணியில் இருந்து சாயத்தை உரிக்கிற ஹைட்ரோஸ் மருந்தை வெந்நீரில் கரைத்து, காரச் சோடாவையும் போட்டு, அதில் கையையும் காலையும் முக்கி வைப்பார்கள். நாலு பேர் முன்னால் நீலக் கையை நீட்டிச் சந்தனம் எடுக்க வெட்கம். துணியை உரிக்கிற மருந்து மனுசனையும் உரிக்கும். உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அவர் அப்படித்தான் வந்து கடைசி வரிசையில் நின்றார். நீ பரிசு வாங்கியபோது வலியோடு கை தட்டினார். வீட்டுக்கு வந்ததும் எரிகிறது என்றபோது தேங்காய் எண்ணெய் எடுத்து அவர் கையில் தடவிவிட்டது யார்? நீதானே? அந்தக் கையை மறந்துவிட்டுத்தான் சாயமில்லாமல் வரச் சொன்னாயா?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் பட்டறையில் கூடி ஹைட்ரோஸ் கரைத்தார்கள். உன் அப்பாவோடு வேலை செய்த பழனிச்சாமி பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னான். "எங்களுக்கெல்லாம் சுரீர்னு எரிஞ்சதுங்க அக்கா, எடுத்துட்டோம். அண்ணன்தான் கால எடுக்கவே இல்லீங்க. போதும் வாங்கண்ணான்னோம். 'எம்பட பையன் மிசினு, இன்னிக்கு எங்காலுதான் எல்லாத்தையும்விடப் பளிச்சுனு இருக்கோணும்'னு சொல்லிப்போட்டு மறுபடியும் மருந்த அள்ளிப் போட்டாருங்க." அவருக்கு எரியவில்லை. சாயத்தில் நின்று நின்று கால் மரத்துவிட்டது என்று அவர் சொல்வார், நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். மரக்க வைத்தது சக்கரை. வந்தவர்கள் எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்துச் சக்கரை பார்த்தீர்கள். உன் அப்பா முறை வந்தபோது, "எனக்கென்ன சாமி, கெழங்காட்டம் இருக்கறேன். எழுதிக்கோ" என்றார். நீ சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாய். ஊரான் விரலில் குத்தினாய், பெற்றவன் விரலை விட்டுவிட்டாய்.

நான் அங்கேதான் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். கந்தகம் போல அவர் காலில் இருந்து நெடி அடித்தது. "ஏனுங்க, என்ன நெடி இது?" என்றேன். "சும்மா இரு புள்ள" என்றார். விளக்கை அணைத்தீர்கள், சக்கரம் சுற்றியது, படம் விழுந்தது. சிவப்பு இருந்தால் ரத்தம் நன்றாக ஓடுகிறது, நீலம் இருந்தால் ஓடவில்லை என்று நீ விளக்கிக்கொண்டிருந்தாய். மற்றவர்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் திட்டுத் திட்டாக வந்தது. அவர் கால் மட்டும் குதிகாலில் இருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே சிவப்பு. "அப்பா, உங்க கால்தானுங்க ஃபஸ்ட் கிளாஸ்!" என்று கத்தினாய். பேராசிரியர் அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். என்னைப் பெண் பார்க்க வந்த நாளில்கூட அவர் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. கால் கழுவிய கதையை அங்கே யாரும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. அந்த நெடி உன் மூக்குக்கு மட்டும் எட்டவில்லையா என்று நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். தோல் கொப்பளித்தது. வலிக்காததால் அதோடே போய்ச் சாயத்தண்ணீரில் நின்றார். வீட்டுச் சிமெண்டுத் தரையில் ஈரமாகத் தடம் விழுந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. கட்டை விரல் கறுத்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த டாக்டர், "இவ்வளவு சக்கரைய வெச்சுட்டு இத்தன நாளா தெரியாமயே இருந்தீங்களா?" என்று கேட்டார். காலில் என்ன பட்டது என்று கேட்டதற்கு, "சாயத்தண்ணிதானுங்க" என்று உன் அப்பா துண்டு போட்டுத் தாண்டிச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹைட்ரோசுன்னு வாயத் தொறந்துராத. பையன் வரச் சொல்லித்தான் இப்பிடி ஆச்சுன்னு அவன்மேல பழி வந்துரும்." முதலில் விரலை எடுத்தார்கள். நிற்கவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி மாடிப்படியில் வைத்து உன்னிடம் மட்டும் நான் உண்மையைச் சொன்னேன். நீ அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாய். "அம்மா, அந்தச் சிவப்பு நல்ல ரத்த ஓட்டம் இல்லம்மா. வெந்து போன தோலு. மருந்து சுட்ட எடத்துக்கு ரத்தம் ஏறி வந்திருக்குது. கேமரா இருக்கறதத்தான் காட்டுச்சு. நாந்தான் தப்பாப் படிச்சுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாய். கழுவாமல் வந்திருந்தால் என்று கேட்டேன். சாயம் தானாகப் போகிற வரைக்கும் அவருக்கு லீவு போடச் சொல்லிப் படம் எடுத்திருந்தால் காலின் கதி முன்பே தெரிந்திருக்கும், காப்பாற்றியிருக்கலாம் என்றாய். கதறி அழுதாய். நான்தான் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். தெரியாமல் நடந்தது கண்ணு, நீ என்ன பண்ணுவாய் என்றேன். இன்றைக்கும் அதையே சொல்கிறேன். அவர் கால் போனதற்கு உன்மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அது ஆறிப்போகிற கோபம்தான்.

ஆறாதது அதற்குப் பின்னால் நடந்தது. பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று போனவன், அடுத்த தடவை வந்ததும் தட்டைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாய். நான்தான் கேட்டேன். "சொன்னேம்மா. அப்பா மட்டுமில்ல, எல்லாருமே கழுவிட்டுத்தான் வந்திருக்கறாங்க. அப்ப நல்ல காலுன்னு எடுத்த படம் பூராத்தையும் தூக்கிப் போடோணும். மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். கேமரா வாங்கக் குடுத்தவங்க கேள்வி கேப்பாங்க, பேசாம உடுன்னு சொல்றாரும்மா" என்றாய். "நீ என்னடா சொல்ற?" என்றேன். நீ எழுந்து போய்க் கையைக் கழுவினாய். நேரம் போவதே தெரியாமல் கழுவிக்கொண்டிருந்தாய். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான் என்று ஒரு மூலையில் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு நீ உங்கள் ஆராய்ச்சி அச்சாகி வந்த வெளிநாட்டுப் புத்தகத்தோடு வந்தாய். உன் அத்தை குடும்பம் சாமளாபுரத்தில் இருந்து வந்திருந்தது. எல்லோர் முன்னாலும் பக்கத்தைப் புரட்டி, "அப்பா, இது உங்க காலுங்க" என்று காட்டினாய். அதே கால், அதே சிவப்பு. "கீழ என்ன சாமி எழுதியிருக்குது?" என்றார். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆரோக்கியமான கால்னு எழுதியிருக்குதுங்கப்பா" என்றாய். எப்படியடா வந்தது அந்த வார்த்தை உன் வாயில்? அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். வேட்டி மடிந்து தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "போனாலும் பேரோட போயிருக்குது" என்றார். உன் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விருந்தாளிகள் முன்னால் என்னடா இது என்று கேட்க முடியாமல் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் எல்லாம், "படம் புடிக்கறப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு. அப்புறம் நம்ம கெரகம்" என்கிறார். நான் தினமும் அதற்குக் கீழேதான் பாய் விரித்துப் படுக்கிறேன்.

அந்தப் புத்தகத்தால்தான் உனக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது என்று நீயே சொன்னாய். கிடைக்கட்டும். உன் வளர்ச்சியில் எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்துவிடாதே. கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று இந்தக் கையால் உன்னைப் படிக்க வைத்தவள் நான். ஓட்டை இருக்கிற ஒரு பீஸ் நல்ல பீஸோடு சேர்ந்து பெட்டிக்குள் போய்விட்டால் மொத்தச் சரக்கையும் பிரித்துக் கொட்டுவோம். முதலாளி கத்துவார், ஷிப்மெண்ட் தவறும், இருந்தாலும் கொட்டுவோம். அது வெறும் பனியன், போட்டவனுக்கு ஒரு ஓட்டை, அவ்வளவுதான். நீ அனுப்பியிருப்பது அப்படியா? உன் புத்தகத்தை டாக்டர்கள் படிக்கிறார்கள் என்கிறாய். எந்த ஊரிலோ ஒருத்தன், உன் அப்பாவைப் போலவே கால் மரத்துப்போனவன், கேமரா முன்னால் காலை நீட்டுவான். அவன் கால் சிவப்பாக வரும். உன் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல கால்தான், வீட்டுக்குப் போ என்பார்கள். அவனும் சந்தோஷமாகப் போவான். அவன் வீட்டிலும் ஒருத்தி தரையில் ஈரத்தடத்தைப் பார்ப்பாள். எனக்கு அவளை நினைத்துத்தான் சோறு இறங்கவில்லை.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். விமானம் ஏறுவதற்கு முன்னால் அந்தப் புத்தகக்காரர்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுது. இந்தக் கால்கள் மருந்தில் கழுவப்பட்டவை, இந்தச் சிவப்பு ஆரோக்கியம் இல்லை, இந்த ஆளுக்குச் சக்கரை இருந்தது, நான் பார்க்கவில்லை என்று உன் கையெழுத்துப் போட்டு எழுது. பேராசிரியர் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். அமெரிக்காக்காரர்கள் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வார்கள். சொன்னால் ஊருக்கு வந்துவிடு, சோறு நான் போடுகிறேன். கேமரா தப்பில்லை, ஆராய்ச்சி தப்பில்லை, மறுபடியும் முதலில் இருந்து ஒழுங்காகச் செய். நான் வேண்டாம் என்றா சொன்னேன்? ஆனால் எழுதாமல் போனாய் என்றால், போகிற இடத்தில் நன்றாக இரு, குளிருக்கு உடம்பைப் பார்த்துக்கொள், என் பிள்ளை என்று மட்டும் எங்கேயும் சொல்லிக்கொள்ளாதே. நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

எழுதிய பிறகு ஒருமுறை வந்து அவரிடம் நீயே சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன். சுவரில் மாட்டி வைத்திருக்கும் அந்த ஒரு பெருமையில்தான் அந்த மனுசன் காலையில் எழுந்து கட்டையை எடுக்கிறார். அதை நீ மாட்டினாய், கழற்றவும் நீதான் வர வேண்டும். உன்மேல் கோபப்பட மாட்டார், அது எனக்குத் தெரியும். அதுதான் உனக்குத் தண்டனை. வரும்போது தனியாக வா, கூடப் படிக்கிற பையன்களையோ அந்தக் கேமராவையோ கொண்டு வராதே. மறுபடியும் சரியாகப் படம் எடுக்கலாம் என்று தப்பித்தவறி அவர் காதில் போட்டுவிடாதே. உன் பெயரைக் காப்பாற்ற நீ கூப்பிடும் முன்னாலேயே பட்டறைக்குப் போய் வெந்நீர் வைத்துவிடுவார். மிச்சம் இருப்பது ஒரு கால்தான்.

உன் அம்மா